கோணலும் கொடுமையும்

போட்டித் தேர்வுக்கென்று அச்சாகும் ஆங்கிலக் கையேடு எதைப் புரட்டினாலும் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். ஒலியால் ஒத்து, பொருளால் வேறுபட்ட சொற்களை இரண்டிரண்டாக நிறுத்தி மாணவரை மிரட்டும் பட்டியல். அதில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஒரு ஜோடி டார்ச்சுவஸ், டார்ச்சரஸ். முன்னது வளைந்து நெளிந்து திருகிக் கிடப்பதைச் சொல்லும் பெயரடை. மலைப்பாதைக்கும் ஆற்றுக்கும் இரத்தக் குழாய்க்கும் உரியது. பின்னது வதைப்பதைச் சொல்வது. சிறைக்கூடத்துக்கும் தீராத வலிக்கும் உரியது. எழுத்தில் ஓர் 'ஆர்' மட்டும் கூடுதல். இத்தோடு நிறுத்தினால் யாருக்கும் சண்டை இல்லை. நிறுத்துவதில்லையே! இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத சொற்கள் என்கிறார்கள். முன்னதில் வலிக்கு இடமே கிடையாது, அது வடிவத்தை மட்டும் சொல்லும் தூய சொல் என்கிறார்கள். இரண்டையும் மாற்றிப் போடுவது அரைகுறைப் படிப்பாளிகள் அண்மையில் கொண்டுவந்த சீரழிவு என்கிறார்கள். பயிற்சி மையத்து ஆசிரியர் முதல் நாளிதழின் மூத்த துணையாசிரியர் வரை இதில் ஒரே குரல்.

விதியோடு எனக்குப் பகை இல்லை. இரண்டு சொற்களையும் இரண்டு இடங்களில் வைத்துப் புழங்குவது நல்ல வழக்கம். அதைக் கைவிடச் சொல்லும் எண்ணமும் இல்லை. விதிக்கு முட்டுக் கொடுக்க நிறுத்தியிருக்கும் அந்த மூன்று கூற்றுகளும் பொய் என்பதுதான் என் வழக்கு. நல்ல விதிக்குப் பொய்க் காரணம் சொன்னால், விதியின் பயன் மறந்துபோய், அதை வைத்து அடுத்தவரை மட்டம்தட்டும் சுகம் மட்டும் மிஞ்சுகிறது. நம்மூரில் ஆங்கில இலக்கணத்தின் பாதி அந்தச் சுகத்துக்காகவே உயிரோடு இருக்கிறது.

தூய்மையிலிருந்து தொடங்குவோம். டார்ச்சுவஸ் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதைத் தொடக்கத்திலேயே எடுத்து ஆண்டவர்களில் ஒருவர் ஜெஃப்ரி சாசர். 1391 வாக்கில், லூயிஸ் என்ற பத்து வயது மகனுக்காக, அஸ்ட்ரோலேப் என்ற வானளவைக் கருவியைப் பயன்படுத்தும் முறையை விளக்கி ஒரு கையேடு எழுதினார். அந்தக் காலத்து அறிவியல் நூல்கள் லத்தீனில்தான் இருக்கும். பையனுக்கு லத்தீன் போதாது என்பதால் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அதில் மகரத்தின் தொடக்கம் முதல் மிதுனத்தின் முடிவு வரையுள்ள ஆறு ராசிகள் அடிவானத்தில் நிமிர்ந்து எழாமல் சாய்ந்து எழுகின்றன என்று சொல்லி, அவற்றுக்கு இந்தப் பெயரடையைச் சூட்டுகிறார். கூடவே, கோணல் ராசிகள் என்று சாதாரண ஆங்கிலத்திலும் ஒரு விளக்கம். கடகம் முதல் தனுசு வரையுள்ள ஆறும் நேராக எழும் ராசிகள்.

இதுவரை வடிவக்கணிதம்தான். தூய்மைவாதிகள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டால் அவர்களுக்கு வெற்றி. ஆனால் அதே பகுதியில் சாசர் இன்னொன்றும் சொல்கிறார்: கோணல் ராசிகள் நேர் ராசிகளுக்குக் கீழ்ப்படிந்தவை. அடிவானத்தில் சாய்ந்து எழுவதற்கும் கீழ்ப்படிவதற்கும் என்ன உறவு? வானியலில் எதுவும் இல்லை. நேரானது ஆளும், கோணலானது அடங்கும் என்று மனிதன் பூமியில் வைத்திருக்கும் கணக்கை வானத்தில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். சாசரின் கான்டர்பரிக் கதைகளில் வரும் வழக்கறிஞரின் கதையில் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் மகளைச் சிரியா நாட்டு சுல்தானுக்கு மணமுடிக்கக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அவளுக்கு அங்கே காத்திருப்பது நாசம். நல்ல நேரம் பார்க்காமல் பெண்ணை அனுப்பிவிட்டார்களே என்று கதைசொல்லி புலம்பும்போது, பயணத்து லக்கினத்தைப் பழிக்கும் இடத்தில் இதே பெயரடை வருகிறது, துரதிர்ஷ்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வடிவம் மட்டுமே பொருளாக இருந்த ஒரு பொற்காலத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். தொட்டில் பருவத்திலேயே அது கெட்ட சகுனத்தோடு விளையாடிக்கொண்டிருந்தது.

நம்மூர் ஜோதிடர் யாரிடமாவது இதைச் சொன்னால் வியப்படைய மாட்டார். கிரகம் பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும் காலத்தை அவர் வக்கிரம் என்பார். வடமொழியில் அந்தச் சொல்லுக்குக் கோணல் என்றுதான் பொருள். சனி வக்கிரமடைகிறது, வக்கிர நிவர்த்தி ஆகிறது என்று நாள்காட்டியில் படிக்கும் அதே வாசகர், நாளிதழின் குற்றச் செய்திப் பக்கத்தில் வக்கிர புத்தி கொண்டவன் கைதானதையும் படிக்கிறார். வானத்தில் வழி மாறிய கோளுக்கும், மனத்தில் வழி மாறிய மனிதனுக்கும் ஒரே சொல். இரண்டையும் ஒரே நாளிதழில் வைத்திருக்கிறோம். யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. சனியைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப்போனவரும் இல்லை.

அடுத்து, ஒட்டு உறவே இல்லை என்ற கூற்று. இது வெறும் பிழை. இரண்டு சொற்களும் தோர்க்குவேரே என்ற ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். முறுக்குதல், திருகுதல் என்பது அதன் பொருள். கயிறு திரிப்பதும் அதுதான், கையை முறுக்குவதும் அதுதான். ரோமானியர்கள் விலங்கின் நரம்பையோ முடியையோ கற்றை கற்றையாக முறுக்கி, அந்த முறுக்கில் ஏறும் விசையைக் கொண்டு கல்லெறியும் போர்ப்பொறிகளை இயக்கினார்கள். அந்தப் பொறிக்குத் தோர்மெந்தும் என்று பெயர். கைதியின் உடலை முறுக்கி உண்மையை வரவழைக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தின் டார்மென்ட் என்ற சொல் அங்கிருந்து வந்தது. முறுக்கும் வலியும் பிற்காலத்தில் யாரோ கவனக்குறைவாகக் கலந்துவிட்ட இரண்டு பொருட்கள் என்று எண்ணுபவர்கள் அந்தக் கருவியின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அங்கே முறுக்குவது ஒரு செயல், வலிப்பது இன்னொரு செயல் என்று பிரிக்க முடியாது. முறுக்குவதே வலிக்கவைப்பது.

அவ்வளவு தூரம் ரோமாபுரிக்கும் போக வேண்டாம். நம் பள்ளிகளில் ஒரு தலைமுறை ஆங்கில ஆசிரியர்கள் பையன்களின் காதைத் திருகிக்கொண்டே சொற்பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். திருகலும் வதையும் வெவ்வேறு என்று அவர்கள் வாய் சொன்னபோது, விரல்கள் எதிர்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

இந்த வினையின் குடும்பம் பெரியது. இருசக்கர வண்டி வாங்கப் போகும் இளைஞன் முதலில் கேட்கும் டார்க் எவ்வளவு என்ற கேள்வி இங்கிருந்து வந்தது. திருகுவிசை என்பது பாடப்புத்தகத்துப் பெயர். கையில் பிடிக்கும் டார்ச்சும் இந்தக் குடும்பம்தான். முறுக்கிய திரியைக் கொளுத்திய பந்தம் அது, மின்கலம் பிறகு வந்தது. டிஸ்டார்ட் என்றால் உருக்குலைய முறுக்குதல். எக்ஸ்டார்ஷன் என்றால் முறுக்கிப் பிழிந்து பணம் பறித்தல். சட்டப் புத்தகத்தில் அது குற்றம். அதே சட்டப் புத்தகத்தில் டார்ட் என்றொரு துறை இருக்கிறது, தமிழில் தீங்கியல் சட்டம் என்கிறோம். ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் அந்தத் துறையின் பெயருக்கு மூலப்பொருள் முறுக்கப்பட்டது, கோணலானது என்பதே. தவறு என்று பொருள்படும் ஆங்கிலத்தின் அன்றாடச் சொல்லான ராங் வேறொரு வழியில், வடநாட்டுக் கடலோடிகளின் மொழியிலிருந்து வந்தது. அங்கும் அதற்குக் கோணல் என்றுதான் பொருள். லத்தீன்காரரும் ஸ்காண்டிநேவியரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தனித்தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தமிழர் அதே இடத்துக்கு அவர்களைவிடத் தெளிவாக வந்து சேர்ந்தவர்கள். கொடு என்றால் வளைந்த என்று பொருள். வளைந்த அரிவாள் கொடுவாள். வில்லுக்குக் கொடுமரம் என்று ஒரு பெயர். வளைந்த கோடுகளை உடலில் கொண்ட புலி பழந்தமிழில் கொடுவரி. நேரான கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். இந்தக் கடைசிச் சொல்லில்தான் கதவு திறக்கிறது. திருக்குறளில் 55-ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56-ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. வளைந்த கோலைப் பற்றிய அதிகாரம் என்று அதை இன்று யாரும் படிப்பதில்லை. குடிகளை வதைக்கும் அரசனைப் பற்றியது என்றே படிக்கிறோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் தவறான தீர்ப்பைக் கோல் வளைந்ததாகவே பேசுகிறார்கள். கொடுமை என்ற சொல்லைத் தமிழ் அகராதியில் பாருங்கள்: வன்கொடுமையும் இருக்கும், வளைவும் இருக்கும். ஆங்கிலம் ஓர் 'ஆர்' போட்டுப் பிரித்து வைத்திருப்பதை நாம் பிரிக்கக்கூட இல்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் குடிவைத்திருக்கிறோம்.

இதனால் தமிழ் கெட்டுவிட்டதா? செந்தமிழுக்கு எதிர்நிலையில் மக்கள் பேசும் வட்டாரத் தமிழைக் கொடுந்தமிழ் என்று சொன்னார்கள். வீரமாமுனிவர் அதற்கென்று லத்தீனில் தனியாக ஓர் இலக்கணமே எழுதினார். கொடுந்தமிழ் என்றால் கேட்பவரைக் கொல்லும் தமிழ் என்று அவர் அஞ்சியதாகத் தெரியவில்லை. இன்று கல்லூரி மாணவர் ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, சூழலைப் பார்த்துப் பொருளைப் பிடித்துக்கொள்வார். மொழி அப்படித்தான் நடக்கும். தாய்மொழியில் இந்த இரட்டைப் பொருளோடு பிறந்து வளர்ந்த ஒருவர், ஆங்கிலத்தில் டார்ச்சுவஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அதில் வலியின் சாயலை உணர்ந்தால், அதை அறியாமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் காது லத்தீன் காலத்து உறவைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது. பட்டியல் எழுதியவர்தான் கோட்டைவிட்டார்.

இன்னொரு நியாயமும் அந்தக் காதுக்கு உண்டு. டார்ச்சர் இன்று தமிழ்ச் சொல் ஆகிவிட்டது. மேலதிகாரி டார்ச்சர் பண்ணுகிறார், வகுப்பு ஒரே டார்ச்சர், கடன் வசூலுக்கு வருபவனின் டார்ச்சர் தாங்கவில்லை என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். அவ்வளவு பழகிய சொல்லின் ஒலியைத் தாங்கிய இன்னொரு சொல் எதிரே வரும்போது பழகிய முகத்தைத்தான் காது முதலில் தேடும். 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டார்ச்சர் என்ற பெயர்ச்சொல்லே உடல் முறுக்கிக்கொள்வதையும் குறித்தது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அண்மைக்காலச் சீரழிவு என்ற மூன்றாவது கூற்றுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. ஐந்து நூற்றாண்டு வயதுள்ள சீரழிவை அண்மையது என்று சொல்ல நிறையப் பொறுமை வேண்டும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு நல்ல அம்பை எடுக்கும். அதை மறைத்துவிட்டு மேலே போவது நேர்மை ஆகாது. வேர் ஒன்றாக இருந்தால் என்ன, ஷர்ட்டுக்கும் ஸ்கர்ட்டுக்கும்கூட வேர் ஒன்றுதானே, சட்டை கேட்டவருக்குப் பாவாடையைக் கொடுக்கலாமா என்பார்கள். கொடுக்கக் கூடாது. வேர் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடற்காற்றில் முறுகி வளரும் ஒரு பைன் மரத்துக்கு, அந்தக் கோலத்தைப் பார்த்து, பைனஸ் கன்டார்ட்டா என்று லத்தீனில் பெயரிட்டார்கள்; அந்தப் பெயர் 1838-இல் அச்சேறியது. அதே இனம் உள்நாட்டு மலைகளில் ஈட்டிபோல் நிமிர்ந்து வளர்கிறது. அந்த நேரான தண்டுகளைத்தான் பூர்வகுடிகள் தங்கள் கூம்புக் கூடாரங்களுக்குக் கம்பமாக நட்டார்கள். பெயரில் முறுக்கு, மரத்தில் நிமிர்வு. வேரைப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான் அவமானப்பட வேண்டும்.

ஆனால் வேரைச் சபைக்கு இழுத்து வந்தது யார்? உறவே இல்லை என்ற கூற்று வேரைப் பற்றிய கூற்று. ஆதியில் தூய சொல்லாக இருந்தது என்ற கூற்று வரலாற்றைப் பற்றிய கூற்று. இரண்டையும் பொய்யென்று காட்டிய பிறகு, வேரும் வரலாறும் முக்கியமில்லை, இன்றைய வழக்குதான் முக்கியம் என்று பேச்சை மாற்றினால், வழக்கைப் பற்றியே பேசுவோம் வாருங்கள் என்பேன். அங்கே எனக்கும் அவர்களுக்கும் பாதி வழி ஒற்றுமை இருக்கிறது.

இரண்டு சொற்களையும் கறாராகப் பிரித்து வைக்க வேண்டிய ஓர் இடம் மருத்துவம். எக்கோ, டாப்ளர், கண் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றின் அறிக்கைகளில் டார்ச்சுவஸ் அடிக்கடி வரும். வயதாக ஆக, இரத்த அழுத்தம் கூடக் கூட, மகாதமனி நீண்டு நெளிகிறது. அறிக்கை அதைக் குறிப்பிடுகிறது. அப்பாவின் அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, டாக்டரைப் பார்க்கும் முன் வராந்தாவில் நின்றபடி படிக்கும் மகளுக்கு, மகாதமனிக்குப் பக்கத்தில் டார்ச்சர் என்ற ஒலி கேட்டால் வயிறு கலங்கும். அவளுக்குச் சொல்ல வேண்டியது எளிது: அம்மா, இது குழாய் நெளிந்திருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

நெளிவே நோய் என்றும் சொல்ல முடியாது. முகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி நெளிந்து நெளிந்துதான் செல்கிறது. விழுங்கும்போதும் வாயைத் திறந்து மூடும்போதும் தாடையும் கன்னமும் உதடும் அசைவதற்கு ஏற்ப அது நீள வேண்டும். நேராக இழுத்துக் கட்டியிருந்தால் ஒவ்வொரு கொட்டாவிக்கும் அது விறைத்துக்கொள்ளும். கருப்பைத் தமனியின் நெளிவு, கருப்பை பெருக்கும்போது நீண்டு கொடுக்கிறது. மண்ணீரலுக்குப் போகும் தமனி கணையத்தின் மேல் விளிம்பில் பாம்புபோல் போவதை முதலாண்டு மருத்துவ மாணவர் உடற்கூறியல் வகுப்பிலேயே பார்த்துவிடுகிறார். இங்கெல்லாம் நெளிவு உடலின் முன்னேற்பாடு. மறுபக்கம், குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் புடைத்து நெளிந்திருந்தால் அது அபாயக் கொடி. அந்த நெளிவைப் பார்த்துத்தான் லேசர் சிகிச்சை உடனே வேண்டுமா என்று கண் மருத்துவர் முடிவெடுக்கிறார். தாமதித்தால் பார்வை போய்விடும். ஒரே பெயரடை, ஓரிடத்தில் இயல்பு, ஓரிடத்தில் நெருக்கடி. எது எங்கே என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டுமானால் சொல் தன்னளவில் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பிரித்து வைப்பதற்கு நியாயமான காரணம் இது. நோயாளியின் தேவையும் மருத்துவரின் தேவையும் இதை விதியாக்குகின்றன, லத்தீன் இலக்கணம் இதில் தலையிடவே இல்லை.

அறிவியலில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லை எண்ணாகவே ஆக்கிவிட்டார்கள். வளைந்த பாதையின் நீளத்தை இரு முனைகளுக்கிடையிலான நேர்த் தூரத்தால் வகுத்தால் நெளிவின் அளவு கிடைக்கும். நேர்க்கோடு என்றால் ஒன்று. ஆறுகளுக்கும் இதே வகுத்தல்தான். ஒன்றரையைத் தாண்டினால் நெளிந்தோடும் ஆறு என்று வகைப்படுத்துவது 1957 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மணற்படுகையில் நீர் கசியும் வழிக்கும், பேட்டரிக்குள் லித்தியம் அயனி ஊரும் வழிக்கும் இந்த வகைக் கணக்குதான் அடிப்படை. இங்கே வலியும் இல்லை, வஞ்சகமும் இல்லை. நல்லது.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கும் அறிக்கைக்கும் வெளியே வந்ததும் சொல் மறுபடி தன் பழைய உறவுகளைத் தேடிப் போய்விடுகிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சரியான சான்று நம் துணிக்கடைகளில் இருக்கிறது. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் விற்பனைப் பெண்களின் காலில் வெரிகோஸ் வெயின் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நரம்புச் சுருட்டல் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் சுருள்வது நரம்பு அல்ல, சிரை. நிற்கும் நிலையில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட்டம் கொண்டு புடைத்து நெளிந்த சிரைகள் என்பது அதன் மருத்துவ வரையறை. டாப்ளர் அறிக்கையில் டார்ச்சுவஸ் என்ற சொல் தவறாமல் இருக்கும். அறிக்கை சரி. அந்தக் காலைப் பார்த்து, இது வெறும் வடிவத்தைச் சொல்லும் தூய சொல், வதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பத்து மணி நேரம் உட்கார விடாமல் நிறுத்தி வைத்ததுதான் சிரையை நெளிய வைத்ததில் பங்கு வகித்தது. 2010-இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' அந்த வேலையின் கொடுமையைத் திரையில் காட்டியது. 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே கேரளம் செய்திருந்தது. நிற்கவைப்பது ஒரு வகை வதை என்று சட்டமன்றத்துக்கு எட்டியது, கையேட்டுக்கு எட்டவில்லை. முதல் சொல்லால் எழுதிய அறிக்கைக்கு மருந்து, இரண்டாம் சொல்லால் எழுத வேண்டிய ஒரு நிலைமையைத் திருத்தும் சட்டத்தில் இருந்தது.

ஆகவே பயிற்சி ஆசிரியர்களிடம் என் கோரிக்கை சிறியது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு என்ன விடை என்று சொல்லிக்கொடுங்கள். வேலை கிடைக்க அது வேண்டும். அதைச் சொன்ன கையோடு முறுக்குதல் என்ற ஒரே வினையைக் கரும்பலகையில் எழுதி, டார்க்கும் டார்ச்சும் டார்ச்சரும் டிஸ்டார்ட்டும் அதிலிருந்து எப்படிக் கிளைத்தன என்று காட்டுங்கள். பக்கத்தில் கொடுவாளையும் கொடுங்கோலையும் கொடுமையையும் எழுதுங்கள். இரண்டு சொற்களை மனப்பாடம் செய்ய வந்த மாணவர் ஒரு குடும்பத்தையே தெரிந்துகொண்டு போவார், மறக்கவும் மாட்டார். எந்தச் சொல் எந்த இடத்தில் என்பது அவருக்குப் புரிந்து நிற்கும். எழுத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

துணையாசிரியர்களிடம் கோரிக்கை இன்னும் சிறியது. கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கல்லட்டியில் 36. அந்தப் பாதைகளைப் பற்றி நிருபர் ஒருவர் டார்ச்சரஸ் என்று எழுதி அனுப்பினால், உடனே அந்த 'ஆர்' எழுத்தை அடித்துவிடுகிறார்கள். நிருபருக்கு ஆங்கிலம் தெரியாது என்று பக்கத்து மேசையில் ஒரு சிரிப்பும் உண்டு. பாதை வளைந்து வளைந்து போகிறது என்று சொல்ல நினைத்து அவர் தவறியிருக்கலாம். அல்லது, அரசுப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, இருபதாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, முப்பதாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குடல் வாய்க்கு வர மேலே போய்ச் சேர்ந்தவராக இருக்கலாம். அப்படியானால் அவர் எழுதிய சொல்தான் சரி, திருத்தியவர் செய்தியைக் கெடுத்துவிட்டார். எது என்று மேசையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ள வழியில்லை. தொலைபேசியை எடுத்து நிருபரைக் கேட்க வேண்டும்.